சார்ஜிங் நிலையம் போடுகிறீர்களா? லோடு கேட்கும் முன் கணக்குப் போடுங்கள்

நெடுஞ்சாலையோரம் ஹோட்டல் வைத்திருப்பவர்கள் பலர் இப்போது மின்சார கார் சார்ஜர் போட யோசனை கேட்டு வருகிறார்கள். மெஷின் விலையில் விடாமல் பேரம் பேசுகிறார்கள். மாதாமாதம் வரப்போகும் கரண்ட் பில்லைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தேவைக்கு மேல் லோடு வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். பில்லில் யூனிட் கட்டணம் தவிர நிலைக்கட்டணமும் உண்டு. அது நீங்கள் வாங்கிய லோடுக்கு, அதாவது மின்வாரியத்திடம் கேட்டு வாங்கிய கிலோவாட் அளவுக்கு. ஒரு கார்கூட வராவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

கிலோவாட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோவாட்டுக்கு 18,000. தினமும் மூன்று கார், தலா 24 யூனிட் என்றால் மாதம் 2,160 யூனிட். யூனிட்டுக்கு 8.33 ரூபாய் நிலைக்கட்டணத்துக்கே போய்விடும். ஆறு கார் வந்தால் அது 4.17 ஆகக் குறையும். அதே மூன்று காருக்கு 120 கிலோவாட் வாங்கினால் 16.67!

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒருவர் அதைத்தான் செய்தார். "பின்னாடி உதவும் சார்" என்று விற்றவர் சொன்னதை நம்பி, இரண்டு கன் (காரில் செருகும் சார்ஜிங் முனை) உள்ள 120 கிலோவாட் மெஷின். அதற்காக உயரழுத்த இணைப்பு, சொந்தச் செலவில் டிரான்ஸ்ஃபார்மர். வந்ததெல்லாம் சின்னக் கார்கள். இரண்டு சேர்ந்து இழுத்தாலும் வாங்கிய லோடில் பாதிகூட வராது. 80 சதவீதம் ஏறியபின் வேகம் இன்னும் குறையும். பொங்கல் விடுமுறைக்கு வரிசை நின்றது உண்மைதான். மற்ற நாட்களில் மெஷின் சும்மாதான் நின்றது.

விற்றவர் காட்டிய லாபக் கணக்கில் நிலைக்கட்டணம் என்ற வரியே இல்லை. டெல்லியில் சார்ஜிங் நிலையங்களுக்கு நிலைக்கட்டணம் இல்லாத தனி விகிதம் கொடுத்தார்கள். அங்கே போட்ட கணக்கு தமிழ்நாட்டுக்குச் சரிவராது. சிறிதாகத் தொடங்குங்கள். மெஷினின் உச்ச அளவைக் குறைத்து வைக்க முடியுமா, இரண்டு கன்னும் லோடைப் பங்கிட்டுக்கொள்ளுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கூட்டம் கூடினால் லோடை உயர்த்த அப்புறம் விண்ணப்பிக்கலாம்.

ஜி.எஸ்.டி.யை மறப்பது

சார்ஜிங் சேவைக்கு 18 சதவீதம். வரி உட்பட யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று போர்டு வைத்தால் உங்களுக்கு நிற்பது 16.95. கரண்ட் பில்லில் ஜி.எஸ்.டி. இல்லாததால் அங்கே கட்டிய வரி என்று காட்டி இதிலிருந்து கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

நாள் முழுக்க ஒரே விலை

இங்கே வெயில் நேரத்தில் மின்சாரம் மலிவு, உச்ச நேரத்தில் அதிகம். உங்கள் விலையும் அப்படியே மாறட்டும்.

கழிப்பறை இல்லாத இடம்

வேண்டாம்.