மரமேறும் பாம்புக்கு நிமிர்ந்த கூடு: சிறிய வீட்டில் அமைக்கும் முறை

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் கல்லடி முதல் கல்முனை வரை வீடுகள் நெருங்கி நிற்கின்றன. காணிகளும் சிறியவை, அறைகளும் சிறியவை. இத்தகைய வீட்டின் தரையில், நாலடி வளரும் பாம்பொன்றுக்கு நாலடி நீளப் பெட்டி வைக்கப் பலரிடம் இடம் இல்லை. ஆனால் இயல்பிலேயே மரமேறும் பாம்பை வளர்ப்பவர் அதே நீளத்தை நிமிர்த்தி, சுவரோடு ஒட்டிய இரண்டடிச் சதுரத்துக்குள் அதற்கு நல்ல வாழ்விடம் அமைத்துக் கொடுக்கலாம். இதற்கு ஒரே நிபந்தனை, உயரம் முழுவதும் பாம்புக்குப் பயன்பட வேண்டும் என்பதே. வெறும் பெட்டியை உயரமாகச் செய்து நடுவில் ஒரு கம்பை நட்டுவிட்டால், பாம்பு அடித்தரையின் மூலையிலேயே சுருண்டு கிடக்கும்.

எந்தப் பாம்பு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் வேலிகளிலும் முருங்கை மரங்களிலும் காணும் கொம்பேறி மூக்கனையோ பச்சைப் பாம்பையோ பிடித்துக் கூட்டில் அடைக்கக் கூடாது. 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள் மற்றும் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் உள்ளூர்ப் பாம்பினங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. வெளிநாட்டு இனங்களுக்கும் உரிய அனுமதி தேவை. ஆகவே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் நேரில் விசாரித்த பின்னரே பாம்பையோ பலகையையோ வாங்க வேண்டும். இங்கே கூறப்படும் அளவுகள், வளர்ப்பிலேயே பொரித்த கோர்ன் ஸ்நேக் என்னும் அமெரிக்க இனத்தை மனதில் வைத்தவை. அது நஞ்சற்றது, வளர்ந்த பாம்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடி வரை இருக்கும், தரையிலும் ஊரும், மரத்திலும் ஏறும்.

தச்சர்கள் அடியிலும் அங்குலத்திலும் பேசுவதால் அளவையும் அவ்வாறே தருகிறேன். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம் என்பது நல்ல அளவு. எட்டுக்கு நாலு அடி பிளைவூட் பலகை ஒன்றே இதற்குப் போதும். அதை நாலுக்கு இரண்டடித் துண்டுகள் நான்காக வெட்டி, மூன்றைப் பக்கங்களுக்கும் முதுகுக்கும் வைத்துக்கொண்டு, நான்காவதை இரண்டாக அறுத்தால் மேலும் கீழும் அமைந்துவிடும். முதுகுப் பலகை பக்கங்களுக்கு இடையே பொருந்துமாறு அதன் ஓரத்தைச் சீவிக்கொள்ள வேண்டும். வாள் தின்னும் சில மில்லிமீற்றரையும் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பலகை 12 மில்லிமீற்றர் தடிப்பில், நீரைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட் வேண்டாம், மாரி மழைக்கு அது ஊதிப் பொருமிவிடும்.

இந்தக் கூட்டின் கீழ்மூலை ஒன்றிலிருந்து எதிர்ப்பக்க மேல்மூலை வரை சரிவாக ஒரு கிளையை வைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 4 அடி 9 அங்குலம் வரும். பாம்பு தன் உடலை முழுதாக நீட்டிக் கிடக்க இடம் வேண்டும் என்பதே கூட்டின் அளவைத் தீர்மானிக்கும் முதல் விதி. இரண்டடித் தரை கொடுக்க முடியாத அந்த நீளத்தை இந்தச் சரிவுக் கிளை கொடுத்துவிடுகிறது. பாம்பு இந்த நீளத்தைத் தாண்டி வளருமானால் அகலத்தையும் கூட்ட வேண்டும், கிளையால் மட்டும் சமாளிக்க முயலக் கூடாது.

சரிவுக் கிளை போவதற்கும் வருவதற்குமே உதவும். பாம்பு தங்கியிருப்பது கிடையான கிளையில்தான். ஆகவே வெவ்வேறு உயரங்களில் இரண்டு மூன்று கிளைகளைக் கிடையாகவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாம்பு எட்டிப் போகக்கூடிய இடைவெளியிலும் பொருத்த வேண்டும். பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதி எவ்வளவோ, கிளையும் ஏறத்தாழ அவ்வளவு தடிப்பாக இருத்தல் வேண்டும். சில சற்று மெலிந்தும் சில தடித்தும் இருந்தால் மேலும் நல்லது. கோர்ன் ஸ்நேக் கிளையில் ஏறுவதை அருகிலிருந்து பாருங்கள். அதன் வயிறு முற்றிலும் உருண்டையாக இருக்காது. வயிற்றுச் செதில்கள் இரு ஓரத்திலும் மடிந்து ஒரு விளிம்பாக நிற்கும். அந்த விளிம்பைப் பட்டையின் வெடிப்பில் கொளுவி, உடலின் ஒரு பகுதியை ஊன்றிக்கொண்டு அடுத்த பகுதியை மேலே இழுக்கும். ஆகவே கிளையின் பட்டையைச் சீவி எடுத்துவிட்டு வார்னிஷ் பூசுவது, படிக்கட்டை இடித்துவிட்டு மாடிக்கு வரச் சொல்வதற்குச் சமம்.

கொய்யாக் கிளை வலிமையானது, வளைந்து நெளிந்து கிடைக்கும், நம் வளவுகளில் தாராளமாகவும் உண்டு, நாவலும் ஆகும். அலரி, கள்ளி போன்ற பால் வடியும் மரங்கள் எதையும் பயன்படுத்த வேண்டாம். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக் கிளையும் ஆகாது. வாவிக்கரைக் கண்டல்களில் கை வைக்க வேண்டாம். அவை அங்கேயே நிற்க வேண்டியவை. வெட்டிய கிளையைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் நன்றாகக் காய வைத்து, இரு முனைகளையும் வெளிப்புறத்திலிருந்து திருகாணியால் இறுக்க வேண்டும். பொருத்திய கிளையைக் கையால் பிடித்து உலுக்கிப் பார்க்கும்போது அது சிறிதும் அசையக் கூடாது. ஆடும் கிளையில் பாம்பு தங்காது.

மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், முதுகுப் பலகையோடு ஒட்டி, ஓரடி ஆழமுள்ள தட்டு ஒன்றை அமைத்தால் இழந்த தரையில் பாதி திரும்பக் கிடைக்கும். அந்தத் தட்டில் ஒரு மறைவிடமும் அடித்தரையில் இன்னொரு மறைவிடமும் கட்டாயம் இருக்க வேண்டும். பாம்பு பெரும்பாலும் வெப்பத்தைவிட மறைவையே முக்கியமாகக் கருதும். ஒளிய இடம் மேலே மட்டும் இருந்தால், மேலே கொதித்தாலும் அது இறங்கி வராமல் அங்கேயே கிடக்கும்.

வெப்பத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குளிர்நாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகச் சொல்வது கூட்டை எப்படிச் சூடாக்குவது என்பதை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நம் கவலை அதற்கு நேர்மாறானது. கோர்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 31 பாகை செல்சியஸும், குளிர்ந்த பக்கம் 22 முதல் 26 பாகையும் ஏற்றவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் அறையே அந்தச் சூடான பக்கத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேல், சூடான காற்று உயர்ந்து கூட்டின் உச்சியில் தேங்கும். ஆகவே ஒரு பக்கப் பலகையில் தரையிலிருந்து அரையடி உயரத்திலும், எதிர்ப்பக்கப் பலகையில் உச்சியை ஒட்டியும், ஓரடி நீளமும் நாலு அங்குல உயரமும் உள்ள காற்று வழிகளைத் திறக்க வேண்டும். கீழே நுழையும் காற்று குறுக்காக ஏறி மேலே வெளியேறும். அவற்றை மூட இடும் வலை இரும்பாக இருந்தால், கடற்காற்றில் விரைவில் துருப்பிடித்துக் கூராகிப் பாம்பின் மூக்கைக் கிழிக்கும். துருப்பிடிக்காத உருக்கு வலையே வேண்டும், திருகாணியும் அதே வகையில் இருக்கட்டும்.

கூட்டைத் தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் சீற்றின் நேர் கீழும், மாலை வெயில் படும் மேற்குச் சுவரிலும் வைக்க வேண்டாம். அடித்தரையின் மறைவிடமாக, ஓரத்தில் வாசல் வெட்டித் தேய்த்து மழுக்கிய மண்சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். வெயில் நாளில் அதன் வெளிப்புறத்தில் சிறிது நீர் தெளித்தால் உள்ளே நன்கு குளிரும். ஆனால் கார்த்திகை தொடங்கி மழை நிற்கும் வரை நீர் தெளிப்பதை விட்டுவிட வேண்டும். அந்த நாட்களில் அடித்தரையில் பரப்பிய தும்புத்தூளை அகற்றிக் கடதாசி விரித்து, ஈரம் பட்டவுடன் மாற்றாவிட்டால் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும். மழைக்கால இரவுகளில் சூடாக்க நேர்ந்தால், வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமலும் கம்பிக்கூண்டு மூடாமலும் மின்குமிழைக் கூட்டுக்குள் வைக்கவே கூடாது. ஏறும் பாம்பு குமிழைச் சுற்றிப் படுத்து வெந்துபோகும்.

கதவு முன்பக்கத்தில் இருக்க வேண்டும், மேலே அல்ல. மேலிருந்து இறங்கும் கையைப் பாம்பு பருந்தாகவே எண்ணி அஞ்சும். மேல் பாதிக்கு ஒன்றும் கீழ் பாதிக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடிக் கதவுகள் இருந்தால், பாம்பு மேலே இருக்கும்போது அதைக் குழப்பாமல் கீழே துப்புரவு செய்யலாம். பூட்டு கட்டாயம். தலை நுழையும் இடைவெளியில் உடல் முழுவதும் நுழைந்துவிடும் என்பதால், குஞ்சு வளர்ப்பவர் பென்சில் நுழையும் ஓட்டை எதையும் விடக் கூடாது.

கூட்டுக்கு ஓரடி உயரக் கால்கள் வைத்து, உணவு அலுமாரிக்குச் செய்வதுபோல ஒவ்வொரு காலையும் நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது; கீழே பொருட்கள் வைக்கவும் இடம் கிடைக்கும். ஆனால் உயரமான கூடு சரிந்தால் குழந்தைக்கும் பாம்புக்கும் ஆபத்து. எனவே உச்சியை இரண்டு இடங்களில் சுவரோடு இறுக்க வேண்டும்.

உட்புறப் பலகைகளுக்கு நீர்க்கலவைப் போலியூரிதேன் வார்னிஷ் பூசி, அதன் மணம் முற்றாகப் போகும் வரை கூடு திறந்தே கிடக்கட்டும். பிறகு மேல்தட்டில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளை வைத்து, கதவை மூடி, ஒரு வாரமாவது நண்பகலிலும் விடியற்காலையிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பகலில் தரையிலுள்ள மானியும் 31 பாகையைத் தாண்டுமானால், கூட்டை வேறொரு சுவருக்கு மாற்றி, அங்கேயும் அளந்த பின்னரே பாம்பை விட வேண்டும்.