வார்டில் நேரத்தைப் பங்கிடுவது எப்படி? புதிய செவிலியர்களுக்கான செய்முறை

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையானாலும் மார்த்தாண்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையானாலும், புதிதாகச் சேர்ந்த செவிலியர்களின் வருத்தம் ஒன்றுதான்: ஷிப்ட் முழுவதும் ஓடியும், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் கேஸ் ஷீட் எழுத உட்கார முடிகிறது. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட வேலைகளை முதலிலேயே பிரித்துவைத்தால் இந்த நிலை பெருமளவு மாறும்.

படி 1: பொறுப்பேற்கும்போது, முந்தைய ஷிப்ட் செவிலியர் சொல்லும் விவரங்களைப் படுக்கையருகிலேயே நின்று கேளுங்கள். டிரிப்பில் எவ்வளவு மீதி, கேனுலா (நரம்பில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்பதை நேரில் பாருங்கள்.

படி 2: ஒரு தாளில் இடப்பக்கம் படுக்கை எண்களையும் மேலே மணிகளையும் எழுதி, நேரம் தவறக்கூடாதவற்றை மட்டும் முதலில் குறியுங்கள். இன்சுலினில் மிகுந்த கவனம் வேண்டும். ரெகுலர் இன்சுலினை உணவுக்கு ஏறத்தாழ 30 நிமிடங்களுக்கு முன் போடுகிறோம். கஞ்சி வாங்கப்போன உறவினர் திரும்பத் தாமதமானால் நோயாளிக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், உணவு கைக்கு வந்துவிட்டதா என்று கேட்ட பிறகே ஊசியை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 3: டிரிப் முடியும் மணியையும் அதே தாளில் எழுதுங்கள். 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் (குழாயில்) 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற, 500 × 20 ÷ 240, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு.

படி 4: இரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் 15 நிமிடங்கள் நோயாளியை விட்டு நகராதீர்கள், அந்த நேரத்தில் மற்றப் படுக்கைகளைப் பார்த்துக்கொள்ளும்படி சீனியர் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: எதிர்பாராததற்கும் இடம் வையுங்கள். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர் பாம்புக்கடியுடன் வந்தால், உங்கள் பட்டியல் முழுவதும் பின்னுக்குப் போகும். விஷத்தால் இரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்கும் உறைதல் சோதனைக்கு, உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடங்கள் அசைக்காமல் வைக்க வேண்டும். ஆகவே எடுத்த நேரத்தை உடனே எழுதிவிட்டு, அவருடைய மூச்சையும் இமைகள் தாழ்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

படி 6: மருந்து கொடுத்த கையோடு சார்ட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுப்பதற்கு முன் கையெழுத்திடுவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

ஷிப்ட் முடிவில் தாளில் டிக் விழாதவற்றை அடுத்து வருபவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். நோயாளிகளின் விவரம் இருப்பதால் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் கிழித்துவிடுங்கள்.