கேம் நைட்டுக்கு ஆள் கணக்கு பாக்குறது எப்படி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல போர்டு கேம் நைட் போடணும்னா முதல்ல கேம முடிவு பண்ணுங்க, அப்புறம்தான் ஆளு. கட்டான்ங்கிற போர்டு கேம் 4 பேருக்குத்தான், எக்ஸ்டென்ஷன் பெட்டி இருந்தா 6. வாட்ஸ்அப் போல்ல "வரேன்"னு தட்டுறத நம்பாதீங்க லா, நம்மாளுங்க எல்லாத்துக்கும் தட்டுவாங்க, டச் என் கோ இ-வாலட்ல 10 ரிங்கிட் முன்பணம் போட்டவங்கதான் கணக்கு, வந்ததும் திருப்பிக் குடுத்துடுங்க (நான் ஒருதடவ வாங்காம விட்டு, 8 பேருக்கு மேசை போட்டு, கடைசில 3 பேரா மாமாக் கடையில தே தாரிக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போனோம்). வெயிட்டிங் லிஸ்ட் பேர் குடுத்த வரிசையிலேயே போகட்டும், கூட்டாளின்னு நடுவுல சொருகுனா சண்டதான். முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணலன்னா இடம் அடுத்த ஆளுக்கு. யாரு வந்தா, யாரு வரலன்னு கூகுள் ஷீட்ல குறிச்சு வைங்க, ரெண்டு தடவ சொல்லாம கொள்ளாம வராதவங்க அடுத்த தடவ நேரா வெயிட்டிங் லிஸ்ட்.