பதினான்கு குரலுக்கு ஓர் ஆர்கன்: கீபோர்டில் குழலோசை வரவழைப்பது எப்படி

எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்துப் பைப் ஆர்கனை, அதாவது குழல்களில் காற்றை ஊதி ஒலிக்கும் ஆர்கனை, பக்கத்தில் நின்று கேட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சத்தம் பெரிதுதான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அது நின்ற விதம். விரல் இருக்கும்வரை ஒரே அளவில் நிற்கிறது. விரலை எடுத்ததும் குழல் ஓய்கிறது, மிச்சத்தைக் கூரை சொல்லி முடிக்கிறது. பாளையங்கோட்டைக்குத் திரும்பிய முதல் ஞாயிறே எங்கள் ஆலயத்து யமாஹா பிஎஸ்ஆர் கீபோர்டில் ‘சர்ச் ஆர்கன்’ ஒலியைப் போட்டுப் பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் ஆலயப் பாடல்) வாசித்தேன். பாடகர் குழுவில் 14 பேர், இரண்டு வயலின், ஒரு பேஸ் கிட்டார். ஆராதனை முடிந்ததும் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, எங்க குரல் எங்களுக்கே கேக்கலையே” என்றார்.

அவர் சொன்னது சரி. கீபோர்டில் அந்தப் பெயரோடு வரும் ஒலி பெரும்பாலும் முழு ஆர்கன். பெரிய பேராலயத்தில் ஐந்நூறு பேர் எழுந்து நின்று பாடும்போது இழுக்க வேண்டிய ஸ்டாப்புகள் (ஒவ்வொரு குழல் வரிசையையும் ஒலிக்கவைக்கும் குமிழ்கள்) எல்லாம் அதில் ஒரே பட்டனுக்குள் இருக்கும். சிறு குழுவுக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஆர்கன்காரர்கள் அடிக்கணக்கில் பேசுவார்கள். எட்டடி ஸ்டாப் என்றால் அதன் கடைசி கீழ் ‘ஸி’க்கு உரிய திறந்த குழல் ஏறக்குறைய எட்டடி நீளம். அழுத்திய சுரம் அப்படியே ஒலிக்கும். நாலடி ஒரு ஸ்தாயி மேலே, இரண்டடி இரண்டு ஸ்தாயி மேலே, பதினாறடி ஒரு ஸ்தாயி கீழே. பதினான்கு பேர் பாட எட்டடி ஒன்றே போதும். கீபோர்டில் இருக்கும் பைப் ஆர்கன் ஒலிகளில் மிகவும் மெல்லியதை, புல்லாங்குழல் சாயல் உள்ளதை, முதலில் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஒலிகளைச் சேர்க்கும் ‘டூயல்’ வசதி இருந்தால், அதே மாதிரி ஒலி ஒன்றை ஒரு ஸ்தாயி உயர்த்தி, பாதி வால்யூமில் சேர்த்தால் உங்களுக்கு நாலடி கிடைத்துவிடும்.

ஜாஸ் ஆர்கன், ராக் ஆர்கன் ஒலிகளைத் தொடாதீர்கள். அவை 1935-இல் வந்த ஹேமண்ட் என்ற மின் ஆர்கனைப் பின்பற்றுபவை. அதில் குழலே கிடையாது. இருந்தாலும் உங்கள் கீபோர்டில் ஹேமண்ட் மாதிரி டிராபார் (ஒவ்வொரு அடியின் சத்தத்தையும் 0 முதல் 8 வரை கூட்டிக் குறைக்கும் இழுபட்டை) இருந்தால் அதை வைத்தே குழலுக்குப் பக்கத்தில் போகலாம். எட்டடியை 8, நாலடியை 5, இரண்டடியை 2 என்று வைத்து மற்றதை மூடுங்கள். இன்னும் அடக்கமான ஓசை வேண்டுமானால் எட்டடியை 8, 2⅔ அடியை 2 என்று மட்டும் வையுங்கள். நுனி மூடிய மரக்குழலில் ஒற்றைப்படை மேற்சுரங்களே தூக்கலாக இருக்கும் என்பதால் இந்தச் சேர்க்கை அதன் சாயலைத் தரும். ஓசையை நடுங்கவும் தட்டவும் சுழலவும் வைக்கும் வைப்ரேட்டோ, பெர்க்கஷன், ரோட்டரி மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ‘டச் ரெஸ்பான்ஸ்’, அதாவது அழுத்தும் வேகத்துக்கேற்பச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. இதை அணைக்காமல் எதுவும் சரிவராது. குழலுக்கு விரலின் வேகம் தெரியாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் காற்று ஒரே அழுத்தத்தில்தான் போகும். விரலை எடுத்த பிறகும் ஓசையை நீட்டும் சஸ்டெயின் பெடலைக் கழற்றியே வையுங்கள். பியானோ பழகியவர்களுக்கு இது கஷ்டம், எனக்கும் ஆறு மாதம் பிடித்தது. பெடல் ஒட்டித் தந்ததை இனி விரல்தான் ஒட்ட வேண்டும்: ஒரு கட்டையை அழுத்தியபடியே அதில் வேறு விரலை மாற்றி வைத்து, விடுபட்ட விரலை அடுத்த கட்டைக்கு அனுப்பப் பழகுங்கள். பாமாலையில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தால் மேல்குரலான ஸோப்ரானோ வரியில் மட்டும் எடுத்து எடுத்து வாசியுங்கள். நடுக்குரல்களான ஆல்டோ, டெனரில் பிடித்தே வையுங்கள். தாளமும் கேட்கும், ஓசையும் அறுபடாது. பாட்டின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு கையையும் முழுசாகத் தூக்குங்கள். நானும் வரிகளைக் கூடவே முணுமுணுத்துத்தான் வாசிப்பேன். அப்போது விரல் தானாகவே மூச்சோடு எழும்பும்.

பதினாறடியைப் பேஸ் கிட்டார் தம்பி வராத அன்று மட்டும் சேர்க்கிறேன், அதுவும் கீபோர்டை ‘ஸ்பிளிட்’ செய்து (இரண்டு ஒலிகளாகப் பிரித்து) இடது கைக்கு. அவர் இருக்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் முட்டி, டெனரின் சொல் மண்ணாகிவிடும். எட்டடியின் கீழ் ‘ஸி’ சுமார் 65 ஹெர்ட்ஸ், பதினாறடியில் அதுவே சுமார் 33. கீபோர்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. கீழ்ச்சுரங்களைத் தரக்கூடிய பெரிய ஸ்பீக்கர் வேண்டும். அதையும் உங்கள் காதுக்குப் பக்கத்தில் வைக்காமல், குழுவுக்குப் பின்னால் சற்று உயரத்தில், சுவர் மூலையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டு வரும் சத்தத்தில்தான் ‘எங்கேயோ இருந்து வருகிறது’ என்ற உணர்வு இருக்கும்.

ரிவெர்ப் (எதிரொலி) ‘ஹால்’ வகை, கொஞ்சமாக. டைல்ஸ் போட்ட ஆலயத்துக்கு அதுவும் வேண்டாம். கடைசி பெஞ்சில் ஒருவரை உட்காரவைத்து, மின்விசிறிகள் எல்லாம் ஓடும்போது கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய எட்டடியை விசிறி இரைச்சல் விழுங்கினால் வால்யூமைக் கூட்டாமல் நாலடியைச் சேருங்கள்.

வயலின்கள் இருக்கும்போது ஸ்ட்ரிங்ஸ் ஒலியைக் கலக்காதீர்கள். வயலின் மேல் ஸ்தாயியில் தனியாகப் போகும் சரணத்தில் இரண்டடியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் தலைக்கு மேலே உங்கள் சத்தம் போகும். ஒவ்வொரு சரணத்துக்கும் உரிய சேர்க்கையை முந்தைய நாளே கீபோர்டின் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் (ஒரு பட்டனில் திரும்ப வரும் நினைவகத்தில்) சேமித்துக்கொள்ளுங்கள். முதல் சரணம் எட்டடி, நடுவில் நாலடி, கடைசிச் சரணத்தில் மட்டும் இரண்டடியும் சேரட்டும்.

கீர்த்தனைக்கு இவை எதுவும் பொருந்தாது. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையில் குரல் வளைந்து போகும் இடத்தில் ஆர்கன் நேர்க்கோடு போட்டால் ராகம் உடையும். எட்டடியில் ஸ, ப மட்டும் பிடித்து, பாடுகிறவர்களை விட்டுவிடுவேன்.

கடைசி ‘ஆமென்’ மட்டும் குழுவோடு எண்ணிப் பழகுங்கள். நான்கு குரலும் எந்த நொடியில் நிற்கிறதோ, அதே நொடியில் பத்து விரலும் எழ வேண்டும். எழுந்த கையை மடியில் வைத்துவிட்டு, கூரையிலிருந்து சத்தம் முழுதாக இறங்கும்வரை அடுத்த பாட்டின் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.