கடல்சார் வரலாற்று ஆய்வேட்டைப் பரிசுக்கு அனுப்பும் முறை

கடல்சார் வரலாற்றில் பட்ட ஆய்வாளர்களுக்கென உள்ள பரிசுகள் சிலவே. அவையும் வெவ்வேறு வகை எழுத்தைக் கேட்பவை. ஆகவே, கையிலிருப்பது முனைவர் பட்ட ஆய்வேடா, முதுகலை ஆய்வேடா, மாநாட்டில் படித்த கட்டுரையா என்பதைப் பொறுத்தே பரிசைத் தேட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடு முடித்தவர்கள் பன்னாட்டுக் கடல்சார் வரலாற்றுச் சங்கத்தின் ஃபிராங்க் புரூசே நினைவுப் பரிசை முதலில் பார்க்கலாம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டை ஒட்டி அது வழங்கப்படுவதால், பட்டம் பெற்ற ஆண்டு அந்தச் சுற்றுக்குள் வருகிறதா என்று அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்வது அவசியம். முதுகலை ஆய்வேட்டுக்குக் கனடாவின் கப்பல்துறை ஆய்வுக் கழகம் தரும் ஜாக் கார்த்தியே பரிசும், மாநாட்டுக் கட்டுரைக்கு வட அமெரிக்கப் பெருங்கடல் வரலாற்றுக் கழகத்தின் கிளார்க் ரெனால்ட்ஸ் விருதும் உள்ளன.

விண்ணப்பத்தில் மிகுந்த உழைப்பைக் கோருவது ஆய்வுச் சுருக்கம்தான். பல்கலைக்கழகத்தில் அளித்த சுருக்கத்தை அப்படியே அனுப்புவது தவறு என்பது என் கருத்து. அது ஒரு புறத்தேர்வாளருக்காக எழுதப்பட்டது. பரிசுக் குழுவிலோ கப்பல் கட்டுமானம் அறிந்தவர், துறைமுகப் பொருளாதாரம் அறிந்தவர், கடற்போர் அறிந்தவர் எனப் பலர் இருக்கக்கூடும். அவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி, இந்த ஆய்வாளர் தம் சான்றுகளை எப்படிக் கையாண்டார் என்பதே. எடுத்துக்காட்டாக, டென்மார்க் மன்னர் ஓரேசண்ட் நீரிணையில் வசூலித்த சுங்கத்தின் பதிவேடுகள் 1497 முதல் 1857 வரையிலான காலத்துக்குரியவை. அவற்றைப் பயன்படுத்தியதாகச் சொல்வது மட்டும் போதாது. ஏட்டில் உள்ளது கப்பல் தலைவர் அறிவித்த சரக்கே தவிர, ஏற்றிவந்த சரக்கு முழுவதும் அன்று. இடையில் விடுபட்ட ஆண்டுகளும் உண்டு. இந்தக் குறையை எந்தச் சான்றைக்கொண்டு ஈடுசெய்தீர்கள் என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால், பக்கம் பக்கமாகக் கோட்பாடு பேசுவதைவிட அது வலுவாக நிற்கும். பிரிட்டிஷ் கப்பல்களின் மாலுமிப் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் பெரும்பகுதி இன்று நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் ஆசிய மாலுமிகளான லஸ்கர்களுக்குத் தனி ஒப்பந்தம் எழுதப்படுவது வழக்கமாக இருந்ததால், ஒரே பட்டியலை வைத்துக் கப்பலில் இருந்த அனைவரையும் கணக்கிட முடியாது.

நெறியாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது இந்தச் சுருக்கத்தையும் உடன் கொடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். சொல் வரம்பு, கோப்பு வடிவம், மொழி ஆகியவற்றை அறிவிப்பில் உள்ளபடியே பின்பற்றுக. புறத்தேர்வாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து முடித்த படியை அனுப்புவதே முறை. அவசரத்தில் பழைய கோப்பு போய்விடுவது நடக்கக்கூடியதே.

மாநாட்டு விருதுக்கு ஓர் இயலை வெட்டி அனுப்புவோர், முந்தைய இயல்களைச் சுட்டும் வாக்கியங்களை நீக்கிவிட்டு, கப்பலும் துறைமுகமும் ஆண்டும் முதல் பத்தியிலேயே தெரியுமாறு தொடக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும்.