மாரிக்குக் கூதல் சாமான் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளை விடாதீர்கள்

2022 மார்கழியில் மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்துகொண்டிருந்த நாட்களில், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின. வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை, இடி விழவில்லை. மழையில் நனைந்து, காற்றில் நின்று, கூதலில் விறைத்தே விழுந்தன. எங்கள் ஊரில் விடியப் பட்டிக்குப் போனவர்கள், விழுந்து கிடந்த பசுக்களின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மாட்டுக்கு வந்தது மனிதருக்கும் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வன்னி வெக்கை பூமி. மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். அதனால் இங்கே கூதலால் உயிர் போகுமா என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பின் உள்வெப்பம் 37 பாகையை ஒட்டி இருக்கவேண்டும். அது 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த உடுப்போடு வாடைக்காற்றில் ஒரு இரவு இருக்கும் வயதானவருக்கோ கைக்குழந்தைக்கோ அந்த 20 பாகையே போதும். அதாவது இங்கே எதிரி ஈரமும் காற்றும். சேர்த்து வைக்கவேண்டியது முதலில் காய்ந்த துணி, அப்புறம்தான் நெருப்பு. நாம் விடும் தவறுகளில் பாதி, இதை மாற்றி யோசிப்பதால் வருவதுதான்.

சந்தையில் தடித்த சுவெட்டரைக் கண்டால் வாங்கிவிடுகிறோம். அதைவிட இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்திப் போர்வையும் ஜீன்ஸும் நனைந்தால் கார்த்திகை மழையில் மூன்று நாளானாலும் காயாது, உடம்பில் கிடந்து சூட்டை உறிஞ்சும். பொலியெஸ்டர் துணி சீக்கிரம் காயும். கம்பளி ஈரப்பட்டாலும் ஓரளவு சூடு தரும். ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு, ஒரு தொப்பி, இரண்டு சோடி காலுறை இருந்தால் புதுச் சுவெட்டர் இல்லாமலே மாரியைக் கடக்கலாம்.

வாங்கியதை எங்கே வைக்கிறோம் என்பது இன்னொன்று. 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து, வான்கதவுகளெல்லாம் திறபட்ட இரவில் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் பலவற்றில் நித்திரைப் பாயிலேயே தண்ணீர் வந்தது. தரையில் இருந்த பெட்டிகளில் போர்வை நிறைய இருந்தது, எல்லாம் ஊறிப்போய். போர்வையையும் மாற்றுடுப்பையும் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து வாயை இறுகக் கட்டி, அதை உரப்பைக்குள் வைத்துப் பரணில் ஏற்றுங்கள். கட்டுவதற்கு முன் ஒருநாள் முழுக்க வெயிலில் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும். ஆளுக்கு ஒரு பை என்று பிரித்துக் கட்டினால், ஓடவேண்டி வரும்போது கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

போர்த்திக்கொள்வதைப் பற்றியே யோசித்துக் கீழே விரிப்பதை மறப்பதும் வழக்கம். இடம்பெயர்ந்தால் பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறையில்தான் படுப்போம். சீமெந்துத் தரை முதுகிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே ஒரு போர்வை குறைந்தாலும் பரவாயில்லை, கீழே பன்பாயோ மடித்த காட்போட் பெட்டியோ இருக்கட்டும். போன மாரிகளில் நான் பார்த்தவரை, மண்டபங்களில் நடுங்கிக்கொண்டிருந்த பலரிடம் போர்வை இருந்தது, பாய் இல்லை.

இனி நெருப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும்.

2020 மார்கழி 2ஆம் திகதி இரவு, புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. கரண்ட் முன்னேரமே போய்விட்டது. அம்மம்மாவுக்குக் கூதல் தாங்கவில்லை என்று சிரட்டைத் தணலை ஒரு சட்டியில் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தோம். காற்று உள்ளே வரக்கூடாதென்று ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி அடைத்தது நான்தான். சாமத்தில் தங்கச்சி தலையிடி என்று எழும்பினாள். அம்மம்மா சத்தியெடுத்தா. எனக்கும் தலை சுற்றியது. மழையென்றும் பாராமல் அப்பா கதவை அகலத் திறந்து சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். இன்னும் ஒரு மணித்தியாலம் எல்லோரும் நித்திரையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்று படித்தோமே, எங்களுக்குத் தலையைச் சுற்ற வைத்தது அந்த வாயுதான். நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் தணல் பாதுகாப்பானது என்று நம்புவதுதான் மிகப்பெரிய தவறு. புகை கண்ணைக் கரித்து எங்களை எழுப்பிவிடும், இது எழுப்பாது. "எங்கட அம்மாவையள் காலத்திலே பிள்ளைப்பெத்த வீட்டிலே தணல் சட்டி வைக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். வைத்தார்கள்தான். அது கிடுகு வீடு. கூரையெல்லாம் காற்றுப் போகும். போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் கட்டிய கல்வீட்டில் கதவையும் ஜன்னலையும் சாத்தினால் காற்றுப் போக வழி குறைவு. வீடு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

ஆகவே படுக்கும் அறைக்குள் தணல், மண்ணெண்ணெய் அடுப்பு, காஸ் அடுப்பு எதுவும் வேண்டாம். குளிர் காய்வதென்றால் திறந்த குசினியில் எல்லோரும் சுற்றியிருந்து காய்ந்துவிட்டு, படுக்கப் போகமுன் அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து விறாந்தையில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பாராத பக்கமாக, தகரக் கூரை ஒன்று போட்டு வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் சத்தியும் வந்தால் தடிமன் என்று படுத்துவிடாதீர்கள். முதலில் வெளியே வாருங்கள், பிறகு 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

கரண்ட் ஹீட்டர் வாங்கலாமா என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். காற்றடித்தால் முதலில் போவது கரண்ட். அந்தக் காசுக்கு நல்ல தறப்பாள் இரண்டு, பெரிய பிளாஸ்க் ஒன்று, டோர்ச், பற்றரி வாங்கித் தந்தால் உதவியாக இருக்கும்.

விறகை மழை தொடங்கிய பிறகு தேடுவதும் தவறுதான். ஆவணி, புரட்டாசியிலேயே காயவைத்து, நிலத்தில் படாமல் இரண்டு கல்லுக்கு மேல் அடுக்கி மூடவேண்டும். பன்னாடையும் ஊமலும் பொச்சுமட்டையும் ஒரு சாக்கு தனியாக இருக்கட்டும், ஈர நாளில் அடுப்பு மூட்ட அவைதான் கைகொடுக்கும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் தண்ணீரென்று குடித்துவிடும். குப்பி விளக்குச் சரிந்துதான் எத்தனையோ பேர் எரிந்திருக்கிறார்கள். வைத்தியர் விஜய கொடகும்புர வடிவமைத்ததுபோல் குட்டையான, பக்கம் தட்டையான, திருகு மூடியுள்ள விளக்கு கிடைத்தால் வாங்குங்கள். சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது.

சூடு வேண்டுமென்றால் சுடுதண்ணீர்ப் போத்தல் நல்ல வழி. கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், துவாயில் சுற்றி வையுங்கள். ஆனால் நீரிழிவால் கால் மரத்தவர்களுக்கும், போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கும் தோலோடு படும்படி ஒருபோதும் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இன்னொன்று, முள்ளந்தண்டுக் காயக்காரருக்குக் காயத்துக்குக் கீழே உடம்பு நடுங்காது. நடுங்கவில்லையே, குளிரவில்லைப்போல என்று விட்டுவிடக் கூடாது. வன்னியில் இப்படியானவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! அயலவர்கள் பட்டியல் போடும்போது இவர்களின் பெயர்தான் முதலில் வரவேண்டும்.

கைக்குழந்தைக்குப் போத்தல் வேண்டாம். தொப்பி போட்டு, தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் அணைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்கள். முகம் மூடாமல் இருக்கவேண்டும்.

சாராயம் குடித்தால் சூடேறும் என்பது பொய்ச் சூடு. தோலுக்கு இரத்தம் கூடுதலாக ஓடுவதால் சூடாகத் தெரியும், உள்ளே இருக்கும் சூடு அதே வழியால் வெளியே போய்விடும். இனிப்புப் போட்ட தேத்தண்ணீரும் ஒரு பிடி சோறும் அதைவிட எவ்வளவோ மேல்.

மாட்டையும் மறக்காதீர்கள். பட்டியின் வடகிழக்குப் பக்கம், வாடை அடிக்கும் பக்கம், ஆள் உயரத்துக்குத் தறப்பாளோ கிடுகோ கட்டுங்கள். காலபோக (மாரிகால) நெல் வெட்டத் தை, மாசி ஆகிவிடும், அதனால் சிறுபோக வைக்கோலில் கொஞ்சத்தை மழைக்கென்று மூடி வைக்கவேண்டும், படுக்கவும் தின்னவும். கன்றுகளுக்குச் சணல் சாக்கை முதுகில் போட்டு, அதன்மேல் உரப்பையை விரித்து, வயிற்றுக்குக் கீழே கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். சணல் சூட்டைப் பிடிக்கும், உரப்பை மழையைத் தடுக்கும். மழை விட்டதும் அவிழ்த்துக் காயப்போடுங்கள், அடுத்த இரவுக்கு அது காய்ந்திருக்கவேண்டும்.