வேன், மலைச் சைக்கிள், ஆற்று நீச்சல்: பயணத்தைத் திட்டமிடும் முறை

படுத்துறங்கும் வசதியுள்ள கேம்பர் வேனில் மலைச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, ஆறுகளிலும் ஏரிகளிலும் நீந்தி வரலாம் என்று புறப்படுபவர்கள், வரைபடத்தில் முதலில் நீந்தும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் இரவில் வேனை நிறுத்த அனுமதியுள்ள இடத்தையும், அங்கே வந்து முடியும் சைக்கிள் பாதையையும் பிறகு தேடுவது நல்லது. முதலில் சைக்கிள், சற்று இளைப்பாறிய பின் நீச்சல் என்ற வரிசையே எனக்குச் சரியாகப் படுகிறது. குளிர்ந்த நீரிலிருந்து கரையேறிய பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் தொடர்ந்து குறையும் என்பதால், விறைத்த விரல்களால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குவது ஆபத்தானது.

15 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான நீர் திடீரென மூச்சுத் திணற வைக்கும். ஆகவே குதிக்காமல் மெல்ல இறங்கி, மூச்சு சீராகும் வரை ஆழமில்லாத கரையோரத்திலேயே நில்லுங்கள். தனியாக நீந்த வேண்டாம். பலத்த மழைக்குப் பின் ஓரிரு நாள்களுக்கு ஆற்றைத் தவிர்த்துவிடுங்கள். நீரின் வேகம் கூடியிருப்பதோடு கழிவுநீரும் கலந்திருக்கக்கூடும். துண்டு, உலர்ந்த உடைகள், கம்பளித் தொப்பி, ஃபிளாஸ்கில் சூடான பானம் ஆகியவற்றை, எடுக்கும் வரிசையிலேயே வேனின் கதவருகில் அடுக்கி வையுங்கள்.

வேனில் சைக்கிளை மாட்டும் தாங்கியின் எடை வரம்பையும் பாருங்கள். மின்சார மலைச் சைக்கிள் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும் என்பதால், பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, புறப்பட்ட சில கிலோமீட்டரில் வேனை நிறுத்தி, சைக்கிளைக் கட்டிய பட்டைகளை மீண்டும் இறுக்குவது அவசியம்.